சமாளித்துக் கொடுத்தவன்

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. இன்று காலை நீங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். ஆனால் போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளனாக உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். ஆபத்து என்று யாராவது போன் செய்தால், எந்த ரோந்து வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்வது என் வேலை. காக்க வைக்காமல் இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

உங்கள் விசாரணை அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள், மேடம். மருந்துக்கடைப் பெண் இறந்ததற்கு என் கவனக்குறைவு ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைத் திட்டி எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், இந்த வார்த்தையைப் பொறுக்க முடியவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒருநாளும் கவனம் தப்பியதில்லை. அன்றைக்கும் தப்பவில்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் போலீஸுக்குச் சம்பளம் கொடுப்பது நகரசபை. போலீஸ்காரனைவிட வங்கி வாசலில் நிற்கிற காவலாளிக்குச் சம்பளம் அதிகம். பயிற்சி கொடுப்பது நாங்கள், பயிற்சி முடிந்ததும் ஆளைக் கொத்திக்கொண்டு போவது பக்கத்து ஊர். மிச்சம் இருக்கிறவன் இரண்டு ஆள் வேலையைச் செய்வான். பகல் முறை முடிந்து, வியர்த்த சட்டையை மாற்றாமலேயே இரவு முறைக்கு வண்டி ஏறுவான். கேட்டால் சிரிப்பான். எத்தனை நாள் சிரிப்பான்?

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ஒரு வண்டி பழுதாகி பட்டறையில் நிற்பதாக எப்போதும் பதிவேட்டில் காட்டுவேன். உண்மையில் அது தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஆளோடு நிற்கும். சில்லறைத் தகராறுக்கெல்லாம் அது அசையாது. உயிர் போகிற விஷயம், மற்ற வண்டிகள் எல்லாம் வெளியே என்றால் மட்டும் அனுப்புவேன். பையன்கள் அதற்குக் 'கையிருப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். அதன் புண்ணியத்தில், எங்களுக்குப் போன் செய்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தே செத்தவர் என்று யாரும் கிடையாது.

அங்கேதான் நான் கெட்டேன். சம்பளத்தை உயர்த்தாவிட்டால் ஆள் வரமாட்டான் என்று சொல்ல எங்களை நகரசபைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிதிக்குழுத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டார். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் இதே பாட்டுதான் பாடறீங்க. ஆனா ஒரு போன்கூடத் தவறினதில்லையே. எப்படியோ சமாளிச்சுடறீங்க, கெட்டிக்காரங்க நீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. அதே கூட்டத்தில், பாட்டுக்கு ஏற்றபடி ஆடுகிற நீரூற்று ஒன்றைப் பூங்காவில் வைக்கப் பணம் ஒதுக்கினார்கள். ஒரு கை கூடக் கீழே இருக்கவில்லை.

என் மனைவியின் தம்பியும் ரோந்து வண்டி ஓட்டினான். ஒரு நாள், பகல் முறையும் இரவு முறையும் விடாமல் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். மாற்று ஆள் வரவில்லை. "இன்னும் ஒரு தடவ ஏறிக்க மாப்ளே, எனக்காக" என்று நான்தான் கேட்டேன். "உங்களுக்கு இல்லாததா மாமா" என்றான். பட்டப்பகலில், காலியான சாலையில், பாலத்துச் சுவரில் போய் மோதினான். தூங்கிவிட்டான், வேறொன்றும் இல்லை. நிதிக்குழுத் தலைவர் வந்து மலர்வளையம் வைத்தார். எங்களுக்கெல்லாம் பேரிழப்பு என்றார். அந்தக் கையை முறித்திருக்கவேண்டும். நான் குலுக்கினேன்.

எல்லோரும் போன பிறகு என் மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம் அது. திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"அந்த ஆளச் சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லாத்தையும் நீங்கதானே சமாளிச்சுக் குடுத்தீங்க. ஒரே ஒரு நாள் முடியாதுன்னு கையத் தூக்கியிருந்தா, அவங்க ஆளு போட்டிருப்பாங்க. என் தம்பி தூங்கியிருப்பான்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? எத்தனை யோசித்தாலும் அது சரியாகத்தான் இருந்தது. நான் சமாளிக்கிற வரைக்கும் அவர்கள் காசை அவிழ்க்கப் போவதில்லை. ஒரே ஒரு தடவை சமாளிக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் எந்தத் தடவை என்று பார்க்கவேண்டும் அல்லவா? குடித்துவிட்டுக் கத்தியால் குத்திக்கொண்ட இரண்டு பேருக்காகக் கையிருப்பை அனுப்பினேன். அவர்கள் செத்தால் ஊர் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடும். தனியாக இருந்த ஒரு கிழவரின் வீட்டில் திருடன் புகுந்தான், அதற்கும் அனுப்பினேன். அவருக்காக அழ ஆள் கிடையாது. இப்படி நான் காப்பாற்றியவர்கள் பலர். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்தால் நியாயமாக இருக்கும்.

அந்த மருந்துக்கடைப் பெண்ணின் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. விவாகரத்தான புருஷன் முன்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான், கையில் கத்தி இருக்கிறது, குளியலறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன் என்று கிசுகிசுத்தாள். பூங்காவுக்குப் பின் தெரு. நகரசபை உறுப்பினர்கள் பாதிப் பேர் குடியிருக்கிற தெரு. அவளை யாருக்குத்தான் தெரியாது? நிதிக்குழுத் தலைவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவளே அவள்தான். எனக்கும் தெரியும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டுமா பின்னால் போடவேண்டுமா என்று முகம் சுளிக்காமல் நாலு தரம் சொல்வாள்.

மற்ற வண்டிகள் எல்லாம் ஊர்க்கோடியில் ஒரு விபத்தில் இருந்தன. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்தது. கையிருப்பு மட்டும் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் நின்றது. அதை ஓட்டுகிற பையனை நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுவோம். வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, பக்கத்துலதான் நிக்கறோம். போகட்டுமா?"

"நில்லு."

"அண்ணே, பொம்பள தனியா இருக்காங்கண்ணே."

"வேற வண்டி போயிட்டிருக்கு. நீ நில்லு."

ஒல்லி உங்களிடம் சொன்னது இவ்வளவுதான். மனசு கேட்காமல் இத்தனை மாதம் கழித்து வந்து சொல்லியிருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன், பெரிய விஷயம் அவனுக்குப் பிடிபடாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஊர் கொதித்தது. நகரசபை வாசலில் நிற்க இடமில்லை. நிதிக்குழுத் தலைவர் ஒலிபெருக்கியில் பேசும்போது குரல் நடுங்கியது, வயிறு குளிரக் கேட்டேன். சம்பளத்தை உயர்த்தினார்கள். விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆள் எடுக்கிற அன்றைக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. இன்றைக்கு எங்கள் பையன்கள் பகலோ இரவோ ஒரு முறை வேலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். என் மனைவி தம்பியின் படத்தைத் துடைத்து வைத்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். உங்கள் சம்பளமும் அதில்தான் ஏறியது, மேடம். சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் வண்டியை நிறுத்தியதால் அவள் இறந்தாள் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. புகைப்படங்களை இன்னொரு தரம் பாருங்கள். குளியலறைக் கதவு உடையவில்லை. பழைய காலத்து மரம், கனமான தாழ்ப்பாள். அவன் உதைத்து உதைத்து ஓய்ந்துபோயிருந்தான். விபத்துக்குப் போன வண்டிகளில் ஒன்று அதற்குள் கிளம்பிவிட்டது. அது வந்து சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனைப் பிடித்திருப்பார்கள். அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வந்திருக்கும். அந்த மனிதர் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே, எப்படியோ சமாளித்துவிட்டார்கள் என்றிருப்பார். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் முடியாது.

வண்டி தாமதமானால், மேற்பார்வையாளர் தன் மேசை போனிலிருந்து திரும்ப அழைத்துப் பேச்சுக் கொடுப்பது எங்கள் வழக்கம். பயத்தில் இருக்கிறவருக்கு ஒரு துணை. அந்தப் போனில் பேசுவது பதிவாகாது. நானே அழைத்துத் தைரியம் சொன்னதாக அறிக்கையில் என்னைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

"அம்மா, போலீஸ் வந்தாச்சு. ஆளப் புடிச்சாச்சு. கதவத் தெறந்து வெளிய வாங்க" என்றேன்.

"வந்துட்டாங்களா சார்? இன்னும் சத்தம் கேக்குதே."

"அது எங்க ஆளுங்கம்மா."

ரொம்ப நன்றி சார் என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேலும் கேட்டுக்கொண்டிருக்க மனசு வரவில்லை, மேடம். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.