காபாசோ பெயரில் இருந்த ஃபோல்டர்

என் பெயர் முவங்காலா சிதாலி, வயது 31, கிட்வே நகரம் சிம்வெம்வே பகுதியில் குடியிருந்து வருகிறேன். சுரங்கத்துக்குள் போய்க் காற்றைச் சோதிக்கும் ரோபோக்கள் செய்யும் கம்பெனியில், வாயுவை அறியும் கருவிகளைக் கவனிப்பது என் வேலை. முதலாளி முசோண்டா கபெம்ப்வா. ரோபோவை ஓட்டும் புரோகிராமை எழுதியவர் காபாசோ சிஷாலா. அதை அவர் அழித்துவிட்டுப் போனதாக முதலாளி கொடுத்த புகாரில், காபாசோ இப்போது இதே ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கிறார். யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை, பிரேக்கைச் சோதிக்காமல் ரோபோவைச் சுரங்கத்துக்கு அனுப்ப முடியாது என்று காபாசோ சொன்னதில் தகராறு வந்து, முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அதன் பிறகு முதலாளி ரோபோவின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். அதில் காபாசோ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. "பாரு, என் மிஷினுக்குள்ள அவன் பேரை எழுதி வச்சிருக்கான். அவன் அப்பன் வீட்டு மிஷினா இது?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அவரே அதை அழித்தார். நான் பக்கத்தில் ஒயருக்கு சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த ரோபோ நிற்கவில்லை. "ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றார்.

அதன் பிறகு மறுநாள் சுரங்க அதிகாரிகள் பார்க்க வந்திருந்தபோது, சுவிட்சைப் போட்டும் ரோபோ அசையவில்லை. வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். முதலாளி நேராக ஸ்டேஷனுக்குப் போனார். காபாசோவை அவர் அக்கா மகள் கல்யாண விருந்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த நிஷிமா களி ஒட்டிய கையோடு போலீசார் கூட்டி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நான் ரோபோவைத் திறந்து பார்த்தேன். எழுதிய புரோகிராமை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, நிறுவுவதற்கென்று குறித்த தனி ஃபோல்டரில் வைப்பது முறை. சுவிட்ச் போட்டதும் ரோபோ அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும், ஓட ஆரம்பித்த பிறகு மறுபடி தேடாது. அங்கே முழு நகலாகவும் வைக்கலாம், ஃபைல் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியாகவும் வைக்கலாம். இன்னும் திருத்திக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குச் சுட்டி வைப்பதே வழக்கம், காபாசோவும் அப்படித்தான் வைத்திருந்தார். அந்த இடத்தை யாரும் தொடவில்லை. பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் காபாசோ ஃபோல்டரைக் காட்டியது, அந்த ஃபோல்டர்தான் இல்லை.

இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "உன் கண்ணு ஒயர்ல இருந்துச்சு, நீ எதையும் பாக்கல. கொஞ்ச நாள் உள்ள இருந்தா அவனுக்கும் வாய் குறையும்" என்றார்.

இன்று காலை காபாசோவுக்குச் சாப்பிட வித்தும்புவா பணியாரம் வாங்கி வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து, "தங்கச்சி, மிஷின் எந்திரிச்சுதா?" என்று கேட்டார். வெறும் சுட்டி மட்டும் இருக்கிறது என்றேன். "அப்போ என் ஃபோல்டரை யாரோ தூக்கியிருக்காங்க. யாரு?" என்றார். அவருக்குப் பதில் சொல்லாமல் நேராக இந்த மேஜைக்கு வந்தேன்.

இதில் கையெழுத்திட்டால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது என்பது தெரியும். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். முதலாளி கோபத்தில் அழித்ததாக எழுதியிருந்ததை, சிரித்துக்கொண்டே என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையும் அதுவே.

(ஒப்பம்)
மு. சிதாலி