சூடான ஓர் உடம்பு

தெள்ளுப்பூச்சி கடித்த இடத்தைச் சொறியக் கூடாது. உப்புக் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றியெடுத்தால் அரிப்பு அடங்கிவிடும். இது தெரியாமல் பலர் நகத்தால் கீறிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கும் இந்த பெஞ்சில்கூட இப்போது ஒன்றிரண்டு இருக்கலாம். என்னோடு வந்தவைதான். காலைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

வாடகை குறைவு என்பதற்காக மட்டுமே அந்த வீட்டை எடுத்தோம். நான், என் மனைவி, மகள், என் அண்ணன். அண்ணன் லாரி ஓட்டியவன். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வலது கை மட்டும் நன்றாக வேலை செய்யும், பேச்சு கொஞ்சம் குழறும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு நான், எனக்கு அவன் என்றுதான் வளர்ந்தோம்.

முன்பு அங்கே குடியிருந்தவர் பூனைகள் வளர்த்திருக்கிறார். அவர் காலி செய்த பிறகு வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தது. நாங்கள் சாமான் இறக்கிய அன்று மகளின் வெள்ளைக் காலுறையில் மிளகுத்தூள் தூவியது போல இருந்தது. தட்டிவிட்டேன். தூள் குதித்தது.

செலவில்லாமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். போர்வைகளைக் கொதிநீரில் போட்டேன். தரை இடுக்குகளில் உப்பைத் தூவிப் பெருக்கினேன். தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும் என்றார்கள். விழுந்தன, செத்தன. மறுநாளும் அதே அளவு இருந்தன. பார்சல் கிடங்கில் எனக்கு இரவு வேலை. பகலில் தூங்கவிடாமல் கடித்தன. ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு வருமானமும் நின்றது.

அண்ணன்தான் அந்த நாட்களில் எங்களைச் சிரிக்க வைத்தவன். ஒருநாள் என் மனைவி அவன் இடது காலில் கடித்த தடங்களைப் பார்த்துப் பதறினாள்.

"விடும்மா," என்றான். "இந்தப் பக்கம் எவ்வளவு கடிச்சாலும் எனக்குத் தெரியவா போகுது? ஓசிச் சாப்பாடு. தின்னுட்டுப் போகட்டும்."

இந்த வார்த்தைகளை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவனே சொன்னது.

மகளின் கால்கள் வேறு விதமாக இருந்தன. முழங்காலுக்குக் கீழே நல்ல தோல் என்று எதுவும் மிச்சமில்லை. தூக்கத்தில் சொறிவாள், விடிந்தால் விரிப்பில் ரத்தக் கோடுகள் இருக்கும். என் மனைவி பெட்டியை எடுத்து வாசல் பக்கம் வைத்தாள்.

"இன்னொரு தடவை இவ காலைப் பாத்து அழ எனக்குத் தெம்பில்லைங்க. இந்த மாசத்துக்குள்ள இது ஒழியலைன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான். அப்புறம் வந்து கூப்பிடாதீங்க."

அவள் மிரட்டுகிறவள் இல்லை. செய்துவிடுவாள்.

பூச்சிமருந்து அடிக்கும் ஆள் ஒருவரை வரவழைத்தேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அவர் முட்டி போட்டுத் தரையை மோந்து பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். என்னால் முடியாது என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையை மூடிக்கொண்டே பேசினார்.

"கூட்டுக்குள்ள தூங்கிட்டுக் கெடக்கும் சார். மாசக்கணக்கா கெடக்கும். காலடி அதிர்ந்தா, மூச்சுக்காத்து பட்டா, சாப்பாடு வந்துடுச்சுன்னு வெளிய குதிக்கும். பூனைதான் வேணும்னு கேக்காது. சூடா ஒரு உடம்பு இருந்தா போதும்."

"மருந்தில்லாம வழியே இல்லையா?"

"பண்ணைக்காரங்க சிலர் ஒரு ஆட்டை ரூம்ல கட்டிப் போட்டு வைப்பாங்க. இருக்கிறது பூரா அது மேல ஏறிடும். அப்புறம் ஆட்டைக் கொண்டுபோய்க் குளிப்பாட்டிடுவாங்க. ஆடு வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்களிடம் ஆடு இல்லை.

வீட்டின் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு. கட்டில் போட்டால் கதவு திறக்க மட்டும்தான் இடம். அண்ணனை அங்கே மாற்றினேன். மெத்தைகள், சாக்குகள், முன்னறையின் பழைய தரைவிரிப்பு, பூச்சி இருக்கும் என்று தோன்றிய எல்லாவற்றையும் அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகினேன். அவனிடம் விளக்கமாகச் சொன்னேன். புரிந்துகொண்டான்.

"ஆட்டுக்கு வேளாவேளைக்குத் தழை வந்துடுமில்ல?" என்றான்.

அவ்வளவு பெருந்தன்மை உள்ளவன்.

அறைக்குள் நான் மட்டும்தான் போவேன். கால்களில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி முழங்காலில் கட்டிக்கொள்வேன். வெளியே வந்ததும் துணியை வாளியில் போட்டுவிடுவேன். என் மனைவி ஒருமுறை சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். நீ போனால் புடவையோடு வெளியே கொண்டுவருவாய், குழந்தைக்குத்தான் கேடு என்றேன். திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு இதில் பங்கில்லை. அவரைக் குளிப்பாட்டினீர்களா என்று கேட்பாள், ஆமாம் என்பேன், அத்தோடு சரி.

ஆரம்பத்தில் குளிப்பாட்டத்தான் செய்தேன். பூச்சிமருந்துக்காரர் சொன்ன முறையே அதுதானே. ஆனால் குளிப்பாட்ட அவனை வெளியே தூக்கி வர வேண்டும். அப்படிக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் மகள் காலில் புதிதாகச் சிவந்தது. வழியில் உதிர்கின்றன என்று புரிந்தது. நிறுத்திவிட்டேன்.

பலன் நன்றாகவே இருந்தது. முன்னறையில் சோப்புத் தண்ணீர்த் தட்டு காலியாகவே இருந்தது. மகளின் புண்கள் பொருக்கு உதிர்ந்து இளந்தோல் தெரிந்தது. என் மனைவி பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள். அடுக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அந்த வீட்டில் அவள் பாடியதை அன்றுதான் கேட்டேன்.

அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இலவசமாக அனுப்புகிறவர். இடது கால் விரல்கள் அசையத் தொடங்கியிருப்பதாகவும், உணர்ச்சி மெல்லத் திரும்புவதாகவும் கடைசியாக வந்தபோது சொல்லியிருந்தார். அடுத்த முறை அவரை வாசலிலேயே நிறுத்தி, அண்ணன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேப்பா. இப்பதான் நல்லா வந்துட்டிருந்தாரு."

வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவருக்குப் பூச்சி ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்ற எண்ணம்தான்.

அண்ணன் சத்தம் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு என் மனைவியை. பிறகு, நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது செத்துப்போன அம்மாவை. மகள் கதவருகே போய் நின்றாள்.

"அப்பா, பெரியப்பா கூப்பிடுறாரு."

"பெரியப்பா பாடுறாரும்மா."

"இந்தப் பாட்டு நல்லாயில்லை," என்றாள்.

குழந்தைகளுக்கு ரசனை வேறு. ரேடியோவைச் சற்று உயர்த்தி வைத்தேன்.

அவன் உதடு வெளுத்துப்போனதைப் பார்த்தேன். நகக்கண்களும் வெளுத்திருந்தன. உடம்பு அனலாகக் கொதித்தது. சூடு அதிகமானால் அவை இன்னும் உறுதியாக அங்கேயே நிற்கும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. இடது காலைத் தொட்டால் முகம் சுளித்தான். அதாவது நர்ஸம்மா சொன்னது சரி. ஆனால் கடித்தாலும் தெரியாது என்று அவன் வாயாலேயே சொல்லியிருந்தான் அல்லவா, அந்தப் பேச்சையே நான் பிடித்துக்கொண்டேன். வெளியே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அத்தனையும் அவனோடு முன்னறைக்கு வரும். அலமாரித் துணி மறுபடியும் பெட்டிக்குப் போகும். இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போட்டேன். எல்லாம் அவன் மேல் ஏறி முடியட்டும், பிறகு ஒரேயடியாகக் கழுவிவிடலாம்.

நேற்றுக் காலை கஞ்சி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். எப்போதும் கட்டிலை நெருங்கும்வரை என்மீது ஒன்றிரண்டுதான் ஏறும். நேற்று வாசற்படியிலேயே பாய்ந்தன. பிளாஸ்டிக் பை மீது தூறல் விழுவது போலச் சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன், இரண்டு பையும் கறுத்துப்போயின. சூடு போன உடம்பில் அவை இருக்காது. அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். துண்டை மறுபடி நனைத்துச் செருகினேன். மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டுக்கு நானே பஸ் ஏற்றிவிட்டேன். பிறகு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்ன எழுதுவார்களோ தெரியாது. ரத்தம் இல்லாமல் என்பார்கள், புண் சீழ் வைத்து என்பார்கள். நான் அவனை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. எங்கள் மூன்று பேருக்காக அவன் அந்த அறையில் இருக்கச் சம்மதித்தான். கடைசிவரை மனம் மாறவில்லை.

வலது கையில் துணிக்கட்டு இருந்ததே, அது ஏன் என்று கேட்கிறீர்கள். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று உங்கள் ஏட்டய்யாவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். பழைய வேட்டியைக் கிழித்து, மெத்தென்று மூன்று சுற்று சுற்றி, கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். ரத்த ஓட்டம் நிற்காதபடி விரல் நுழையும் இடம் விட்டேன். நீங்கள் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கட்டில் கதவுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கையை அவிழ்த்து விட்டிருந்தால் அவன் கதவைத் திறந்திருப்பான்.