பூப்போல மிதிக்கிற கால்

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன்; என் கை பட்ட பிரேக் யாரையும் கைவிட்டதில்லை.

கார் எங்கள் அப்பாவுடையது. எனக்கு முன்னே பிறந்தது. அப்பா போனபின் அண்ணன் எடுத்துக்கொண்டான். பதினோரு வருடம் நான் அதற்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அவன் மேலே உட்கார்ந்து ஓட்டினான். நோகாமல் நுங்கு தின்பது என்றால் அவன்தான். போன மாதம் பழைய கார் கண்காட்சியில் அவனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி யாரோ கேட்டார்கள்.

"இவனா? வண்டி தொடைக்கிறவன்."

தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பிரேக் லைட் ஸ்விட்ச் தகராறு செய்தது. பெடலை ஓங்கி மிதித்தால்தான் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். மெல்ல மிதித்தால் வண்டி நிற்கும், விளக்கு எரியாது. அண்ணன் எப்போதும் பூப்போல மிதிப்பான்.

"புதுசு போட்ருடா" என்றான். வாங்கினேன். போடவில்லை. பழையதையே கழற்றி, பளபளவென்று துடைத்து மாட்டினேன். அண்ணியைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஓங்கி மிதித்தேன்.

"எரியுதா அண்ணி?"

"ஜம்முனு எரியுது தம்பி."

அந்த வீட்டில் என்னைத் தம்பி என்பது அவர் மட்டும்தான்.

மறுநாள் காலை கோப்பையோடு போட்டோ எடுக்கக் கிளம்பினார்கள். பின்னால் யார் வந்தாலும் மோதத்தான் போகிறார்கள். ஒரு பாவமும் அறியாத டிரைவர் தலையில் அந்தப் பழி விழலாமா? மனசு கேட்கவில்லை. பட்டறை லாரியை எடுத்துக்கொண்டு நானே பின்னால் போனேன்.

முன்சீட்டில் கோப்பையை வைத்திருந்தான். அதனால் அண்ணி பின்சீட்டில் இருந்தார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

இறக்கத்தில் சிக்னல் விழுந்தது. அண்ணன் மெல்ல மிதித்தான். விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கைப் பார்த்து நான் எப்படி நிறுத்துவேன், சொல்லுங்கள்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோதிய பிறகு நானும் பிரேக்கை மிதித்தேன். என் லாரியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, ஐயா.