ஆளுக்கொரு முனை

— மெதுவா வா வாத்தி. உனக்குப் பின்னாடி கதவு நிலை இருக்கு. இன்னும் ஒரு எட்டு. நில்லு, நில்லு.

— நீ நில்லுன்னு சொல்றதுக்குள்ள நான் இடிச்சாச்சு குருவி.

— பாலத்துக்கு ஒண்ணும் ஆகலையே?

— என் முழங்கைக்கு ஆச்சு.

— முழங்கை தானா சரியாயிடும், பாலம் ஆகாது. ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டி ஒட்டி என் விரல் ரேகையே அழிஞ்சு போச்சு. உன் முனையைக் கொஞ்சம் தூக்கு. ஆங், அப்படித்தான். ஹாஸ்டலை விட்டு வெளிய வந்தாச்சு.

— லேப் வரைக்கும் நான் இப்படியே முதுகுப் பக்கமாவே நடக்கணுமா?

— உன்னை நேரா நடக்க விட்டா வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கிட்டே நடப்ப. நான் சொல்ற இடத்துல காலை வை, போதும்.

— கண்ணாடி வேற மூக்குல இறங்குது.

— மூக்கைச் சுருக்கு. இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிட்டுப் போய், அங்க எடையைத் தொங்க விட்டு நம்ம கண்ணு முன்னாடியே உடைக்கப் போறாங்க. யார் கண்டுபிடிச்சாங்களோ இந்தப் பரீட்சையை.

— உடைக்கறதுக்கு மார்க் இல்ல. எவ்வளவு எடையில உடையும்னு நாம முன்னாடியே எழுதிக் கொடுத்தது எவ்வளவு கிட்ட வருதோ, அதுக்குத்தான் மார்க்.

— ஆரம்பிச்சுட்டா பாடத்தை. சரி, இப்ப உன் ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. கீழ வைக்கவும் முடியாது, லைப்ரரிக்குப் போறேன்னு நழுவவும் முடியாது. இப்பக் கேக்கறேன். வெளிநாட்டு யூனிவர்சிட்டியில உனக்கு இடம் கிடைச்சிருக்குன்னு என்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம்?

— என்ன சொன்ன?

— நிக்காத, நட. நின்னா கை வலிக்குது.

— யார் சொன்னா?

— துறைத் தலைவர் மேடம். நேத்து வராந்தாவுல நிறுத்தி, "உன் ரூம்மேட் போயிட்டா நீ என்னம்மா பண்ணுவ?"ன்னு கேக்கறாங்க. நானும் எல்லாம் தெரிஞ்சவ மாதிரி, "பழகிடும் மேடம்"னு சொல்லி வச்சேன். பழகிடுமாம். எனக்கு விஷயமே அப்பத்தான் தெரியுது.

— சொல்லணும்னுதான் இருந்தேன்.

— நான் தூக்கத்துல உளறினதைக்கூட காலையில வரி விடாம ஒப்பிப்ப. இதை மட்டும் அப்படியே முழுங்கிட்ட. கால்கிட்ட தண்ணிக் குழாய் கிடக்கு, தாண்டு. இன்னொரு காலையும் தாண்டு.

— கடைசி ரெண்டு வருஷமும் அங்கதான் படிக்கணும். செலவெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. நம்ம காலேஜ்ல இருந்து ஒரே ஒரு ஆள்.

— அந்த ஒரு ஆள் நீ. வேற யாரையாவது எடுத்திருந்தா நானே மேடம் ரூமுக்குச் சண்டைக்குப் போயிருப்பேன். வீட்டுல என்ன சொன்னாங்க?

— வீட்டுல சொல்லல. சொன்னா அப்பா என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவாரு. அப்புறம் போக மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

— போக மாட்டேன்னா?

— ஆமா. நான் போகலை.

— அப்படியா.

— சம்மதம்னு இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணும். போன்ல ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். நான் அமுக்க மாட்டேன். பார்த்தா மனசு மாறிடும்னு காலையிலேர்ந்து போனை நான் திறக்கவே இல்ல. கிளம்பறப்ப பெட்டியில போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன்.

— ஓஹோ. பாலத்தைக் கையிலயே தூக்கிட்டுப் போலாம், ஆட்டோவுல வச்சா குலுங்கும்னு அவ்வளவு பேசினியே, அது?

— குலுங்கறதும் நிஜம். கையும் சும்மா இருக்கக் கூடாதில்ல.

— இவ்வளவு படிச்ச உனக்குள்ள இவ்வளவு கிறுக்கு எங்கேர்ந்து வந்துச்சோ.

— திட்டு. திட்டுவன்னு தெரியும்.

— கையை ஆட்டாம எனக்குத் திட்ட வராது. கடன் வச்சுக்கறேன். வலது பக்கம் திரும்பு, சைக்கிள் ஸ்டாண்டு வருது. மெக்கானிக்கல் பசங்க நாலு பேர் நம்மளையே பாத்துட்டு நிக்கறானுங்க. நீ திரும்பாத.

— என்ன பண்றானுங்க?

— பல்லைக் காட்டறானுங்க. பரவாயில்ல, வழி விட்டுட்டானுங்க. பாலத்துக்கு மரியாதை தெரிஞ்ச பசங்க. சரி சொல்லு, ஏன் போகலை?

— உனக்காகத்தான்.

— எனக்காகவா?

— மெக்கானிக்ஸ்ல ரெண்டு தடவை போயிட்டு, புத்தகத்தை எடுத்துட்டு வந்து என் கட்டில்ல உக்காந்து அழுதது யாரு? அடுத்த வருஷம் இதைவிடக் கஷ்டமான பேப்பரெல்லாம் இருக்கு. நான் இல்லாம நீ எப்படிப் பாஸ் பண்ணுவ?

— மூணாவது தடவை பாஸ் பண்ணினேனே.

— நான் சொல்லிக் கொடுத்து.

— இல்லைங்கல. ஐயையோ வாத்தி, மூச்சு விடாத. எதிர்ல மெக்கானிக்ஸ் சார் வர்றாரு.

— எங்கம்மா கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும், பல்லக்கு தூக்கற மாதிரி?

— குட்மார்னிங் சார். லேப்புக்கு சார்.

— நில்லுங்க. யார் கட்டினது இது?

— ரெண்டு பேரும்தான் சார். மேல் வரிசைக்கு நாங்க எடுத்துக்கிட்ட அளவு வந்து சார்…

— கண்ணாடிக்காரம்மா, நீ பேசாத. நீ சொல்லப்போறது எனக்கே தெரியும். இந்தச் சின்னப் பொண்ணு சொல்லட்டும். எடையைத் தொங்க விட்டா முதல்ல எங்கம்மா போகும்?

— மேல் வரிசையில சார். நடுவுல இருக்கற இந்த நீளக் குச்சி.

— எடை கீழதானே தொங்குது? கீழ் வரிசை ஏன் போகாது?

— கீழ் வரிசையை இழுக்குது சார், அது தாங்கும். மேல இருக்கறதை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நெருக்குது. நீளமா ஒல்லியா இருக்கறதால நொறுங்கறதுக்கு முன்னாடியே வளைஞ்சிடும்.

— யார் சொல்லிக் கொடுத்தா? இவளா?

— இல்ல சார். மொதல்ல கட்டின ரெண்டு பாலமும் அங்கதான் போச்சு. ஏன்னு உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

— என் பேப்பர்ல பேரை மட்டும் அழகா எழுதி வச்சுட்டு எழுந்து போன பொண்ணு நீதானே?

— ஆமா சார்.

— ம். கையெழுத்து நல்லா இருந்துச்சு. போங்க, பாத்துப் போங்க.

— தேங்க்யூ சார். நட வாத்தி, நட. அவர் மனசு மாறி அடுத்த கேள்வி கேக்கறதுக்குள்ள நட.

— நீ எப்படி கணக்குப் போட்ட? எப்பப் போட்ட?

— நீ லைப்ரரிக்குப் போறப்பல்லாம் போட்டேன்.

— என்கிட்ட ஏன் காட்டல?

— காட்டினா சிவப்புப் பேனாவை எடுப்ப. தப்புன்னா தப்பாவே இருக்கட்டும், ஒரு தடவை நானே முட்டி மோதிப் பாத்துடலாம்னு தோணுச்சு. இடது பக்கம் பள்ளம், ஒதுங்கி வா. ஆக, அந்தச் சாக்கு போச்சு.

— எந்தச் சாக்கு?

— நான் ஃபெயிலாயிடுவேங்கற சாக்கு. அதைத்தான் சார் பிடுங்கிட்டுப் போயிட்டாரே. இப்ப நிஜத்தைச் சொல்லு.

— அதுவும் நிஜம்தான்.

— வாத்தி.

— பயமா இருக்கு குருவி.

— படிப்பா?

— படிப்புக்கு என்ன பயம், அது பாட்டுக்கு அது வரும். முதல் வருஷம் மெஸ்ல நான் எங்க உக்காருவேன்னு ஞாபகம் இருக்கா?

— சுவரைப் பாத்துக்கிட்டு.

— எதிர்ல யாராவது வந்து உக்காந்தா என்ன பேசறதுன்னு தெரியாது, அதான். நீ வந்து என் தட்டுலேர்ந்த முட்டையை எடுத்துத் தின்னுட்டு, "சாப்பிட மாட்டேல்ல?"ன்னு கேட்ட. தின்னதுக்கப்புறம் கேட்ட.

— பசிச்சுது.

— அன்னையிலேர்ந்து எனக்கு சிநேகிதி, சொந்தம், ஊர் வம்பு எல்லாம் நீதான். என் பிறந்தநாளைக்கு வந்து கத்தின கூட்டம் முழுக்க உன் ஆளுங்க. எங்கம்மா "சாப்பிட்டியா"ன்னு கேட்டா, என் போன்லேர்ந்து பதில் போடறதுகூட நீ. அங்க போனா மறுபடி ஒரு சுவரைத் தேடிக்கிட்டு உக்காரணும். என் முட்டையை அங்க யார் வந்து எடுப்பா?

— அங்கயும் பசியோட ஒருத்தி இருப்பா.

— விளையாடாத.

— விளையாடல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வார்டன் அக்காவை எழுப்பி, சத்தம் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டி வர வச்சது யாரு? ஹாஸ்டலே வாசல்ல வந்து நின்னு வேடிக்கை பாத்துச்சு. பேசத் தெரியாதாம் இவளுக்கு.

— அது உனக்காக.

— அங்கயும் யாருக்காவது காய்ச்சல் வரத்தான் செய்யும். நிழலா இருக்கு, கொஞ்சம் மெதுவா போலாம். ஒண்ணு கேக்கறேன், நேராப் பதில் சொல்லு. என்னை விடு. உங்கப்பாவை விடு. சுவரு, முட்டை எல்லாத்தையும் விடு. போகணும்னு உனக்கு ஆசை இருக்கா, இல்லையா?

— அதைப் பேசி இப்ப என்ன ஆகப்போகுது?

— இருக்கா, இல்லையா?

— ஏன் இப்படிப் பிடிச்சு உலுக்கற? உன் குரலே ஒரு மாதிரி இருக்கு.

— பாலம் கனக்குது.

— ஒரு கிலோகூட இல்ல இது.

— எனக்குக் கனக்குது. பதில் சொல்லு வாத்தி.

— இருக்கு. ரொம்ப ஆசையா இருக்கு, போதுமா? அங்க ஒரு லேப்ல நிஜப் பாலத்தோட துண்டையே கொண்டு வந்து நிறுத்தி, பூகம்பம் மாதிரி உலுக்கிப் பாக்கறாங்களாம். அந்தப் படத்தைப் பாப்பேன், மூடி வச்சிடுவேன், திரும்ப எடுத்துப் பாப்பேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு போர்வைக்குள்ள வச்சுப் பாப்பேன். ஏய், நீ ஏன் அழற?

— வேர்வை.

— கண்ணுலேர்ந்தா?

— துடைக்கக் கையில்ல, என் முகத்தைப் பாக்காம நட. நாலு படி ஏறணும். குதிகாலை நல்லா பின்னாடி வை. ஒண்ணு. அடுத்தது. இன்னொண்ணு. கடைசிப் படி கொஞ்சம் உயரம்.

— மணி அடிக்குது.

— கேக்குது.

— பன்னெண்டு. அவ்வளவுதான் குருவி, முடிஞ்சுது. அழுகை வரும்னு நினைச்சேன், வரல. பரவாயில்ல, அடுத்த வருஷமும் அதே ரூம், அதே நீ. எனக்கு அது போதும். நீ ஏதாவது பேசேன்.

— முதல்ல பாலத்தை மேசையில வைப்போம். உன் பக்கம் கொஞ்சம் இறக்கு. ரெண்டு காலும் பதிஞ்சிருக்கா பாரு. சரி, கையை எடு.

— எடுத்துட்டேன்.

— ரெண்டு எட்டு தள்ளி நில்லு. இன்னும் கொஞ்சம்.

— ஏன்?

— நான் சொல்றதைக் கேட்டுட்டு நீ பாலத்து மேலயே விழுந்துடக் கூடாதில்ல, எனக்கு இந்த மார்க் வேணும்.

— என்னடி சொல்லப் போற?

— காலையில நீ குளிக்கப் போனப்ப உன் போனை எடுத்துத் தேடிப் பாத்து அந்தப் பட்டனை நான்தான் அமுக்கினேன் வாத்தி. ஆசையே இல்லைன்னு நீ சொல்லிட்டா உன் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னுதான் வழி முழுக்கப் பதறிக்கிட்டு வந்தேன்.