நேரலையில் போன ஒப்பாரி

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிற வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவளின் கையில் மகளின் மருந்துச் சீட்டு. புருஷன் செத்து ஒரு மாதமாம்.

"இனி நான் வாய்விட்டு அழமாட்டன் அக்கா" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"அவரின்ரை தம்பி கனடாவிலை. வரேலாது எண்டு செத்தவீட்டை லைவ் போடுவிச்சார். வீட்டு ஆக்களுக்கு மட்டும் எண்டு நினைச்சன். ஊர் உலகமெல்லாம் பாக்கிற மாதிரிப் போட்டிட்டாங்கள்."

"எல்லாரும்தானே போடுகினம்?"

"நான் அவரைக் கட்டிப்பிடிச்சு, 'வலிப்பு வாற பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போறியளே' எண்டு கத்திப்போட்டன். மகளுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டுக்கு அதை மெல்லச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள். அவையள் லைவிலை கேட்டிட்டினம். கலியாணம் குழம்பிப் போச்சு."

"அதை அழிக்கச் சொல்லன்."

"தம்பி அழிச்சிட்டார். அதுக்குள்ளை ஆரோ நான் கத்தினதை மட்டும் வெட்டி, சோகப் பாட்டும் போட்டு விட்டிருக்கிறாங்கள். அதுக்கு லைக்கும் இதயமும் குத்துதுகள், நாசமாப் போறதுகள்."

பாட்டுப் போட்டவனின் கையை முறிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

"மகள் ஏசினவளோ?"

"ஏசியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு வீட்டிலை முப்பத்தோராம் நாள் கிரியை. கமெராக்காரன் திரும்பவும் வாறான். இண்டைக்குக் காலமை எனக்குத் தேத்தண்ணி தந்திட்டுச் சொல்லுறாள், 'அம்மா, அழுகை வந்தால் அடுப்படிக்குள்ளை வாங்கோ. நான் கதவைச் சாத்திப்போட்டுப் பக்கத்திலை இருக்கிறன்' எண்டு."