நாலாவது ஜுரம்

ஹலோ... ஆமா, சாக்கம்மாதான் பேசறேன். யாரு, குந்தாப்புரம் சம்பந்தியம்மாவா?... அழாதீங்க, என்னன்னு சொல்லுங்க முதல்ல...

பிரமீளாவுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. காலையில ரெண்டு களி உருண்டை தின்னுட்டு, இதோ என்கூடத் தோட்டத்துல இலை வெட்டிட்டு இருக்கா...

ஜுரமா? யாருக்கு?... அவளே சொன்னாளா?... ஆமா ஆமா, நாலாவது ஜுரம். அது பட்டுப்புழுவுக்கும்மா. நாலு தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தின்னாம படுத்துக்கிடக்கும். அதைத்தான் எங்க பக்கம் ஜுரம்ங்கறது. முந்தாநாளே எந்திரிச்சிடுச்சு...

எந்திரிக்காத ஏழு பேரா?... ஆமா, நான்தான் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன்... ஐயோ, அது நோய்ப்புழும்மா. மனுசங்களையா புதைப்பேன்?

நேர்ல பாக்கணுமா? உங்க பொண்ணு, பாக்காம இருப்பீங்களா. ஆனா ஒரு வாரம் பொறுங்க. வெளியாள் காலோட புழுவுக்கு நோய் வந்துடும். போன தடவை என் தம்பி எட்டிப் பாத்தான், பால் நோய் வந்து மொத்தமும் குழிக்குப் போச்சு... கேளுங்க, உங்க பொண்ணு வந்தப்புறம் வளக்கற முதல் புழு இது. இதுவும் போச்சுன்னா, மருமக வந்த நேரம்னு ஊரு அவளைத்தான் சொல்லும். எனக்கு அது தாங்காது...

என்ன, மழையா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது... தகரத்துல கொட்டற மாதிரியா?...

சம்பந்தியம்மா, அது மழை இல்ல. புழு இலை தின்னற சத்தம். எங்க நிக்கறீங்க?... பஸ்ஸ விட்டு இறங்கி நேரா புழு வீட்டுக்கா?... வாசல்ல மருந்துத் தண்ணி வச்சிருந்தேனே, கால நனைச்சீங்களா?... தாண்டிட்டீங்களா. சரி, சரி... ஒண்ணையும் தொடாதீங்க...

கையில என்ன டப்பா?... கொசு மருந்தா?... ஜுரம்னதும் கொசுதான்னு வாங்கிட்டு வந்தீங்களா... வேணாம்மா, அடிக்காதீங்க. ஒரு தடவை அடிச்சா அத்தனையும் செத்துடும்... அடிக்கலையே?... உங்க பொண்ண இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, யுகாதி வரைக்கும் வச்சுக்கங்க, அந்த டப்பாவ மட்டும் கீழ வச்சிடுங்க. இதோ ஓடி வர்றேன்...

வச்சிட்டீங்களா? அப்பாடா...

ம்?... எது மேல?... இலை மேலயா?