அவர் காதுக்குள் நான்

பாடகர் மேடையேற நான்கு நிமிடம்தான் இருந்தது. நான் பஞ்சால் அவருடைய காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வியர்வை இருந்தால் இயர்பீஸ் வழுக்கும். பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன், மேடம். பெற்ற தாய்கூட அந்தக் காதை இத்தனை தடவை துடைத்திருக்க மாட்டாள்.

"அண்ணே, இன்னிக்குச் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வைங்க. நேத்து மண்டைக்குள்ள தேனீ புகுந்த மாதிரி இருந்துச்சு."

"குறைச்சுட்டேன் தம்பி" என்றேன்.

குறைக்கவில்லை. ஒரு புள்ளி ஏற்றியிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான்.

விசாரணையின் முதல் கேள்வியாக என் வேலை என்னவென்று கேட்டீர்கள். மேடையில் நிற்பவருக்குத் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது. குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் அளவாகக் கலந்து அவர் காதுக்குள் அனுப்புவது நான். அதே ஒலி என் காதிலும் ஓடும். எனக்கு நன்றாகக் கேட்டால் அவருக்கும் நன்றாகக் கேட்கும். இந்தத் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

ஸ்டேடியங்களில் ஐம்பதாயிரம் பேர் கூடுகிற ராக் குழு அது. அங்கே நான் மேடை ஓரத்து இருட்டில் இருப்பேன். யாரும் என்னைக் கவனித்ததில்லை. இந்தத் தடவை பாடகருக்கு ஓர் ஆசை வந்தது. முந்நூறு பேர் உட்காரும் சின்ன அரங்குகள், பன்னிரண்டு ஊர்.

"ஜனங்க மூஞ்சியப் பாத்துப் பாடணும்ணே. அவங்க கேக்கற பாட்டப் பாடணும்."

நல்ல ஆசைதான். ஆனால் சின்ன இடத்தில் எல்லாமே பக்கத்தில் வந்துவிடுகிறது. முதல் ஊர் ஒத்திகையிலேயே டிரம்மர் குச்சியை நீட்டி என்னைக் காட்டினார்.

"என்னண்ணே, அவன் காதுல ஓடுற பாட்டு எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. ஒரே டிக்கெட்டுல ரெண்டு கச்சேரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிரம்மருக்கு விஷயம் தெரியாது. பயணம் கிளம்பும் முன் குழுவில் எல்லோருக்கும் காது சோதனை நடந்தது. சீட்டுகளை வாங்கி வந்தவன் நான். பாடகர் பெயர் ஒட்டியிருந்த சீட்டில் கோடு மலையிறங்குவது மாதிரி சரிந்து கிடந்தது. கேட்கும் திறன் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அவரைத் தனியாக உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன்.

"ஆனா எனக்கு எல்லாம் சத்தமாத்தானே கேக்குது?"

"கெட்டுப்போற காதுக்கு அப்படித்தான் தோணும், தம்பி."

"வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுதுண்ணே."

"என்னைத் தாண்டிப் போகாது. நீ பாடு. உன் காத நான் பாத்துக்கறேன்."

என் தோளில் சாய்ந்து அழுதார். யார் சொன்னாலும் நம்பாத மனிதர், நான் சொன்னதும் நம்பினார்.

அதன் பிறகு ஊருக்கு ஒரு புள்ளி. ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்க 'லிமிட்டர்' என்று ஒன்று உண்டு. மூன்றாவது ஊரில் அதை நிறுத்தினேன். அது இருந்தால் பாட்டில் உயிர் இல்லாத மாதிரி எனக்குப் பட்டது.

ரசிகர் விருப்பத்தையும் நான்தான் கவனித்துக்கொண்டேன். முன்வரிசையில் வாய்கள் அசையும். அவர் என்னைப் பார்ப்பார். "அந்த மழைப் பாட்டு கேக்கறாங்க" என்று என் மைக்கில் சொல்வேன். எனக்கு எது தோன்றுகிறதோ அது. அவர்கள் கேட்டது பெரும்பாலும் வேறு பாட்டாம், பின்னால் தெரிந்தது. பத்திரிகைகள் "யாரும் எதிர்பாராத பாடல் தேர்வு" என்று எழுதின.

ஏழாவது ஊரில் அவர் "குறைங்க" என்பதை நிறுத்தினார். எட்டாவது ஊரில் "கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் இருவருக்கும் ஒரே ரசனை.

பன்னிரண்டாவது ஊரில் நடந்ததைத்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். கடைசிப் பாட்டு. ரசிகர்கள் பாடுவதைக் கேட்கலாம் என்று இரண்டு இயர்பீஸையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். முந்நூறு பேரும் எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடினார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, யாருமே பாட மாட்டீங்களா? எம்மேல கோவமா?"

விளையாடுகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள். அவர் இரண்டு காதையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. கையை உயர்த்தி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டினேன்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். பெருங்குற்றம் மாதிரிக் கேட்கிறீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது. காது கேட்காத பாடகரைக்கூட நாலு பேர் பரிதாபப்பட்டு வைத்துக்கொள்வார்கள். காது கேட்காத ஒலியமைப்பாளரை ஒருநாள் வைத்திருப்பார்களா?

ஆமாம் மேடம். சரிந்து கிடந்த அந்தக் கோடு என்னுடையது. அவருடையது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து, பெயர் ஸ்டிக்கர் இரண்டையும் நகத்தால் பதமாக உரித்து, மாற்றி ஒட்டினேன். அன்றைக்கு அது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போன வாரம் எங்கள் இருவருக்கும் மறுபடி சோதனை எடுத்தீர்களே, அந்தச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று டாக்டராலேயே சொல்ல முடியாது.

நான் தம்பியிடம் சொன்னதில் இப்போது ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.